எங்கள் மாடியில் ஆத்தூர் லைன்

சேலம் டவுனிலிருந்து விருத்தாசலம் போகும் வண்டியில், அது மீட்டர்கேஜாக இருந்த காலத்தில், நீங்களும் போயிருப்பீர்கள். நம் வயதுக்காரர்களுக்கு அதை ஞாபகப்படுத்த அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரித்தூள் கண்ணில் விழும். அயோத்தியாபட்டணம் தாண்டியதும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிகளின் புளித்த நாற்றம் பெட்டிக்குள் ஏறும். எல்லாரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் மறந்துபோய்க் கையை எடுத்துவிடுவார்கள். வளைவில் எஞ்சினைப் பார்க்கலாம் என்று தலையை நீட்டினால், பின்னாலிருந்து யாராவது ஜடையைப் பிடித்து இழுப்பார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த லைனைப் பற்றித்தான். ஆனால் தரையில் ஓடியதைப் பற்றி இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அந்த லைன் எங்கள் வீட்டு மாடியிலும் இருந்தது. டவுன் ஸ்டேஷனில் தொடங்கி ஆத்தூர் வரைக்கும். அதைப் போட்டது என் அத்தை.

அத்தை அப்பாவைவிட ரொம்பச் சின்னவள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தாயான பிறகும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். வாழப்பாடி தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஊரில் அவளைக் கொடுத்திருந்தது. மாமாவுக்கு அங்கே ஒரு சேகோ ஃபேக்டரியில் மேஸ்திரி வேலை. குடியிருப்பும் ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ளேயே.

அந்த வருஷம் ஆவணிக் கடைசியில் அவள் பையன் தொட்டியில் விழுந்துவிட்டான். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பிழிந்த பாலைத் தெளிய வைக்க அங்கே பெரிய சிமெண்டுத் தொட்டிகள் இருக்கும். மேலே பார்த்தால் வெறும் வெள்ளை. ஆழமும் தெரியாது, உள்ளே கிடப்பதும் தெரியாது. அவனுக்கு மூன்று வயது. பொங்கலுக்கு வந்திருந்தபோது என் பலப்பங்களை ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றுவிட்டு, வெள்ளை உதட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனைப் பற்றி என்னிடம் இருக்கும் ஒரே முழு ஞாபகம் அதுதான். அது ஏன் அப்படி வெள்ளையாக மிஞ்சியது என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அடக்கத்துக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். அத்தை மயக்கம் தெளிந்து எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 'ரயில் ரோட்டோரம்' என்று யாரோ யாரிடமோ சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்பா அவளைக் கையோடு சேலத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். அந்த ஊர்க் காற்றே இனி அவள்மேல் படக் கூடாது என்பது அவர் முடிவு. பையன் பேரை யாரும் எடுக்கக் கூடாது. புதைத்த இடம் எது என்று சொல்லவே கூடாது.

அவள் கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எந்தப் பக்கம்ணா? அதையாச்சும் சொல்லு."

"எதுக்குப் பாப்பா? தெரிஞ்சு என்ன பண்ணப் போற? மனசத் தேத்திக்கோ."

அப்பா அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அதுதான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

அம்மா நெய்க்குப் பேர்போன ராசிபுரத்துக்காரி. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் பால். பொழுது சாய்ந்ததும் பெரிய டம்ளரில் எடுத்துக்கொண்டு மாடியேறுவாள். "குடி சாமி, ஒடம்புல தெம்பு வேணுமில்ல." அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா விடமாட்டாள். பிடிவாதம் பிடிக்கிறாள் என்று கீழே வந்து வருத்தப்படுவாள். டம்ளருக்குள் அத்தை எதைப் பார்த்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீடு பொன்னம்மாபேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். கீழே அப்பாவின் நூல் கடை. மேலே நீளமான ஒரு கூடம். நூல் மூட்டைகள் அடுக்கியதுபோக மீதி காலி. அத்தையை அங்கேதான் வைத்திருந்தார்கள். ஆத்தூர் வண்டி வரும் நேரம் அவள் சன்னலுக்குப் போய்விடுவாள். வண்டி கேட்டைத் தாண்டி, வால்பெட்டியும் மறைந்த பிறகும் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். தண்டவாளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்பா ஒரு தச்சரை வரவழைத்து மாடிப்படிக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். என்னிடம் அம்மா, "அத்தகூடவே இரு கண்ணு. அவ கீழ எறங்குனா ஓடியாந்து சொல்லு" என்றாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக மாடிக்குப் போய்விடுவேன். துணைக்கு என்று நினைத்தேன். காவலுக்கு என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

என்னிடம் ஒரு தகர ரயில் இருந்தது. ஆடிப் பொருட்காட்சியில் வாங்கியது. சாவி கொடுத்தால் பச்சை எஞ்சின் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வட்டமான தகரப் பாதையில் சுற்றும். அத்தைக்குப் பொழுது போகட்டும் என்று ஒருநாள் அதைக் கூடத்தில் விட்டேன். அது சுற்றிச் சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாய் திறந்து நாட்கணக்காகியிருந்தது.

"இது எங்கயும் போகலியே" என்றாள்.

மறுநாள் நான் வரும்போது வட்டப்பாதை துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. வளைந்த தகரத்தை அம்மிக் குழவியால் தட்டி நிமிர்த்தியிருந்தாள். கிழக்கு மேற்காக, சன்னலுக்கு நேராக, பழைய பெஞ்சுப் பலகைகளை வரிசையாகப் போட்டிருந்தாள். சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தாள்: டவுன். மார்க்கெட். அயோத்தியாபட்டணம். மின்னாம்பள்ளி. வாழப்பாடி. அதற்கு அப்பால் ஒரு கோடு மட்டும். கோட்டின் முடிவில் ஆத்தூர்.

தகரம் மின்னாம்பள்ளி வரைக்கும்கூடப் போதவில்லை. அப்பா கம்பி வாங்கித் தந்தார். நூல் கோக்கும் பழைய தறி அச்சுகளைப் பிரித்து, அவற்றின் மூங்கில் சீவல்களை ஸ்லீப்பர் கட்டைகளாகக் கம்பிக்கு அடியில் அடுக்கினோம். தகர எஞ்சினின் சக்கரத்தை வைத்து வைத்துப் பார்த்துத்தான் கம்பிக்குக் கம்பி இடைவெளி விட வேண்டும். கொஞ்சம் அகன்றால் எஞ்சின் உள்ளே விழுந்துவிடும். கொஞ்சம் நெருங்கினால் ஏறிப் புரளும். வெந்தயம் அரைத்துச் சேர்த்த காகிதக் கூழில் மலைகள் செய்தாள். வலதுகைப் பக்கம் ஜருகுமலை, தள்ளி இடதுபக்கம் சேர்வராயன். மழைநாளில் கூழ் காயாது. கூடம் முழுக்க வெந்தய வாடை, ஈரக் காகித வாடை. கைவிரல் இடுக்கில் ஏறிய கசப்பு சோறு பிசையும்போதும் போகாது. இன்றைக்கும் வெந்தயம் ஊறும் வாசனை வந்தால் நான் அந்தத் தரையில் மண்டியிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் அத்தை அம்மாவிடம் ஜவ்வரிசி கேட்டாள். அம்மா அதிர்ந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, குடு என்று தலையாட்டினார். பாலைப் பார்க்க முடியாதவள், லைன் ஓரத்தில் எங்கெங்கே சேகோ ஃபேக்டரி உண்டோ அங்கெல்லாம் தீப்பெட்டியால் கட்டடம் வைத்து, முன்னால் ஜவ்வரிசியை விரல்நுனியால் பரப்பிக் களம் செய்தாள்.

இதில் அப்பா எப்படி விழுந்தார் என்பதுதான் ஆச்சரியம். அவர் நூல் விஷயமாக அடிக்கடி ஆத்தூர் போய் வருவார். முதலில் தங்கை ஏதோ செய்கிறாளே என்ற நிம்மதியில் எட்டிப் பார்த்தவர், கொஞ்சநாளில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தரையில் உட்கார ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டுக்கு இந்தாண்ட பம்புசெட்டு ரூம் ஒண்ணு இருக்கு பாப்பா. செவப்பு ஓடு."

"அப்படியாண்ணா? நான் பாத்ததில்லியே."

"இன்னிக்குத்தான் கவனிச்சேன். பாலத்துக்கு ரெண்டு வளைவு. நீ ஒண்ணுதான் வெச்சிருக்க."

அத்தை மாற்றிவைப்பாள். அம்மா படியில் நின்றபடி, "இப்பத்தான் ஊட்டுல பேச்சுச் சத்தம் கேக்குதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மாடிக் கதவின் தாழ்ப்பாள் திறந்தே கிடக்க ஆரம்பித்தது.

எனக்கு மட்டும் அந்த லைனில் ஒன்று பயமாக இருந்தது. ஸ்டேஷன் இருந்தது, மரம் இருந்தது, சந்தையும் கிணறும் கோயிலும் இருந்தன. மனிதர்கள் யாரும் இல்லை. நான் துடைப்பக் குச்சியில் துணி சுற்றி ஆள் செய்யட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம். எல்லாரும் உள்ள தூங்கறாங்க" என்றாள். வெளியே நிஜ வண்டி கேட்டைத் தாண்டும்போது எங்கள் வீடு லேசாக அதிரும். அப்போது களத்தில் பரப்பிய ஜவ்வரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக நடுங்கும். தகரப் பெட்டிகள் தாமாகக் கொஞ்ச தூரம் நகரும். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்ப்பாள், அவை எங்கே நிற்கப்போகின்றன என்பதைப்போல.

அந்த நாட்களில் சன்னல் வழியாக இன்னொன்றும் பார்த்தேன். அத்தை குளிக்கப் போயிருந்தாள். கேட்டு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் காத்திருந்த கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள், காவிப் புடவை, கையில் ஒரு துணிப்பை, எங்கள் மாடியைப் பார்த்தபடி நின்றாள். வண்டி போயிற்று. கேட்டைத் திறந்தார்கள். எல்லாரும் கடந்து போனார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்றாள். அப்பா கடையிலிருந்து இறங்கிப் போய் அவளிடம் ஏதோ சொல்வதும், அவள் திரும்பிப் போவதும் தெரிந்தது. யாரென்று கேட்டேன். "ஆரோ வழி கேட்டாங்க" என்றார் அப்பா.

கார்த்திகையில் அப்பா ஆத்தூருக்கு என்னையும் கூட்டிப்போனார். கிளம்புமுன் அத்தை எனக்குத் தலை சீவிவிட்டாள். "வாழப்பாடி தாண்டுனதும் எடதுபக்கச் சன்னல்ல உக்காந்துக்கோ கண்ணு, எங்க ஊரு அந்தப் பக்கந்தான். என்னென்ன வருதுன்னு ஒண்ணுவிடாம பாத்துட்டு வந்து சொல்லு. லைன்ல அங்கதான் ஒண்ணும் வைக்காம கெடக்குது."

நான் அப்படியே செய்தேன். வாழப்பாடி தாண்டி, ஒரு புளியமர வரிசை போனது. பிறகு ஒரு சின்னப் பாலம். பாலம் தாண்டியதும் அப்பா என்மேல் சாய்ந்து சன்னலின் மரப்பலகையை இறக்கிவிட்டார். "கரி பறக்குது, கண்ணுல விழும்." பெட்டிக்குள் இருட்டியது. அவர் கை பலகையின்மேலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை ஏற்றிவிட்டார். அப்போது வெளியே ஒரு சேகோ ஃபேக்டரியின் புகைபோக்கி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாம் சொன்னேன். புளியமரம், பாலம், அப்புறம் அப்பா பலகையை இறக்கினது, அப்புறம் புகைபோக்கி.

"பாலம் தாண்டினதுமா எறக்குனாரு?"

"ஆமா அத்த."

"ஃபேக்டரி வரங்காட்டியும் ஏத்தவே இல்லியா?"

"இல்ல."

அவள் பாலத்தைச் செய்து வைத்தாள். புகைபோக்கியைச் செய்து வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு சாண் நீளத்துக்குப் பலகை வெறுமையாக இருந்தது. அன்று பூராவும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வெறும் இடத்தில் ஒரு புதுத் தீப்பெட்டிக் கட்டடம் இருந்தது. முன்னால் ஜவ்வரிசிக் களம். அங்கே ஃபேக்டரி எதுவும் கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். டவுனிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மின்னாம்பள்ளியில் ஒரு பனைமரத்தை நேராக நிமிர்த்தினார். பாலம் வந்தது. அடுத்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சட்டென்று கையை நீட்டி அந்தக் கட்டடத்தை எடுத்துவிட்டார். ஜவ்வரிசியைப் புறங்கையால் ஒதுக்கினார். ஒதுக்கிய இடத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிச் சுத்தம் செய்தார், ஒரு மணிகூட அங்கே இருக்கக் கூடாது என்பதுபோல.

"இங்க எதுவும் வேணாம் பாப்பா."

"ஏண்ணா? என்ன இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல. வெறும் பொறம்போக்கு. ஒரு புங்க மரம் நிக்குது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு எழுந்து கீழே போய்விட்டார். அத்தை அந்த இடத்தில் தன் கையை வைத்தாள். அப்பாவின் உள்ளங்கை இருந்த அதே இடத்தில். அவள் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அவள் முகத்தில் பசி தெரிந்தது. கொலைப் பட்டினி கிடந்தவளுக்குச் சோற்று வாசனை வந்ததைப்போல.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மாடியில் அத்தை இல்லை. அம்மா கொல்லையில் தேடினாள், கிணற்றில் எட்டிப் பார்த்தாள், பிறகு செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ரயில் பாதையைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அம்மா தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கேட்காரர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"யாரத் தேடறீங்க? உங்க ஊட்டு மாடில நிப்பாங்களே, அந்தம்மாவையா? இப்பப் போன ஆத்தூர் வண்டில சன்னலோரமா உக்காந்திருந்தாங்களே. எடதுபக்கம்."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வாடகைக் கார் பிடித்தார். என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் ஏறிக்கொண்டேன். வாழப்பாடி தாண்டி ஓரிடத்தில் அப்பா நிறுத்தச் சொன்னார். அங்கே ஊர் எதுவும் இல்லை. "ஏனுங்க, இங்க எதுக்கு?" என்றாள் அம்மா. அப்பா கிழங்குக் காட்டுக்குள் இறங்கி நடந்தார். அறுத்துப் போட்ட குச்சிகள் காலில் குத்தின. எதிரே ரயில் மேடு தெரிந்தது. மேட்டுக்குக் கீழே ஒரு புங்க மரம்.

அத்தை அங்கே இருந்தாள். உயிரோடு இருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் கேட்டுக்கு எதிரில் நான் பார்த்த அந்த அம்மாள், அதே காவிப் புடவையில். அது அத்தையின் மாமியார்.

அப்பா நடுக்காட்டில் நின்றுவிட்டார். மரத்தடியில் தரை சாணி தெளித்து மெழுகியிருந்தது. ஒரு சின்னக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கல்லின்மேல் பழைய செவ்வரளி வாடிக் கிடந்தது. அதன்மேல் புதுச் செவ்வரளி. யாரோ தினம் வந்துபோகிற இடம் என்று எனக்கே புரிந்தது. அத்தை தேடி அலையவே இல்லை. வண்டி பாலத்தைத் தாண்டியதும் கல்லைப் பார்த்துவிட்டாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி லைனோடு திரும்பி நடந்து வந்திருக்கிறாள். அவள் வந்தபோது மாமியார் மெழுகிக்கொண்டிருந்தாளாம்.

எங்கள் வீட்டில் அந்த அம்மாளைப் பற்றிப் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். கல் மனசுக்காரி. குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள். மருமகள் செத்தாளா இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் எழுந்து அப்பாவிடம் வந்தாள். கையெல்லாம் சாணி. "எத்தினி தடவ ஒங்க வாசலுக்கு வந்தேன் தம்பி. தூங்குறா, ஒடம்பு சரியில்லன்னு திருப்பி அனுப்புனீங்க. எம்மவனும் வந்தான். நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். எங்கையில வுட்டுட்டுத்தான் அவ தண்ணிக்குப் போனா. நான் ஒரு நிமிசம் திரும்பிட்டேன்."

அப்பா அத்தையைப் பார்த்து, "பயந்துட்டேன் பாப்பா. எடம் தெரிஞ்சா நீயும் அவனோட போயிருவியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாம இருந்ததுலதான் போயிருப்பேன்ணா. ஒவ்வொரு வண்டிக்கும் நெனச்சேன். மாடியில லைன் முடியட்டும்னுதான் நின்னேன்."

அப்பா மெதுவாக மெழுகின தரையின் ஓரத்தில் குந்தினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேட்டின்மேல் ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று.

அத்தை எங்களோடு வரவில்லை. மாமியாரோடு போனாள். மாமா அந்த ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு லாரிக்கு மாறினார். வீடும் ஊருக்குள் மாறியது. பொங்கல் கழித்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாடிக்குப் போய்ப் பார்த்தாள். ஜவ்வரிசியை எறும்பு கொண்டுபோயிருந்தது. மலைகளில் பூஞ்சணம். ஸ்டேஷன்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கூடையில் போட்டாள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "இருக்கட்டுமே, எத்தன பாடுபட்டுச் செஞ்ச" என்றாள். "வேண்டாம் அண்ணி. இனி நான் வண்டியிலயே போயிட்டு வாரேன்" என்றாள் அத்தை. கம்பிகளை நான் சுருட்டினேன். சுருட்டிய பிறகும் அந்தப் பலகைகளில் லைனின் தடம் இருந்தது. வெகுநாள் அதன் குறுக்கே நான் காலை வைத்து நடக்கமாட்டேன்.

அகலப்பாதை போட்டபோது மேட்டை அகட்டினார்கள். புங்க மரம் போயிற்று, கல்லும் மண்ணுக்கடியில் போயிற்று. மாமியார் அதற்கு முன்பே போய்விட்டாள். இப்போது மின்சார வண்டி அந்த இடத்தை ஒரு மூச்சில் கடந்துவிடுகிறது. இருந்தாலும் பாலத்தின் சத்தம் கேட்டதும் எனக்குள் பெட்டி இருட்டிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, வெறும் மண்மேட்டைப் பார்த்து, பலப்பம் தின்ற வாயை நினைத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா தவறிப்போனார். தொண்ணூறை நெருங்கியிருந்தார். நான் அவருக்கு ஒரே பெண். தெருமுனை வரை தூக்கிப் போனதும், எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் திரும்பி நின்று கையைக் குறுக்கே நீட்டினார்.

"பொம்பளைங்க இதுக்குமேல வர வேண்டாங்க. ஊட்டுக்குப் போயிக் குளிங்க."

என் பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் நின்றார்கள். நானும் நின்றேன். அத்தைக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. முழங்கால் வலியோடு விந்தி விந்தி என் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலயே வாரோம்" என்றாள் அவரிடம்.

"அது வழக்கமில்லீங்கம்மா."

"தெரியும் சாமி. நகருங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் நகர்ந்துகொண்டார். சுடுகாட்டில் ஆண்கள் எங்களைப் பார்த்து முணுமுணுத்தார்கள், பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள். நெருப்பு பிடித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

"பாரு கண்ணு. எந்த எடம்னு நல்லாப் பாத்துக்கோ."

நான் பார்த்தேன். வலதுபக்கம் ஒரு வேப்ப மரம். பின்னால் பாதி இடிந்த சுவர். சுவருக்கு அப்பால் ஒரு தென்னை, அதற்கும் அப்பால் மழைக்கு மங்கிய ஜருகுமலை.